முப்பத்தொன்றாவது இடம்

கணினித் திரையில் ஓடிக்கொண்டிருந்த கோடுகளில் ஒன்றேகால் நொடிக்கு ஒருமுறை ஒரு முள் எழுந்து அடங்கியது. கருவியில்தான் ஏதோ கோளாறு என்று முதலில் அவள் நினைத்தாள். கம்பியை மாற்றினாள், பேட்டரியை மாற்றினாள். மண்ணில் புதைத்திருந்த மின்முனைகளைத் தோண்டி எடுத்து, உப்புச் சேறு பூசி, மறுபடி புதைத்தாள். முள் போகவில்லை. அப்பழுக்கில்லாத ஒழுங்கோடு அது திரும்பத் திரும்ப வந்தது. இயற்கைக்கு அவ்வளவு ஒழுங்கு கிடையாது என்று அவளுக்குத் தெரியும். பக்கத்தில் எங்கேயோ மனிதர் யாரோ இருக்கிறார்.

பூமிக்கடியில் கொதிக்கும் நீர் எங்கே தேங்கியிருக்கிறது என்று மேலே நின்றே கண்டுபிடிப்பது அவள் தொழில். வயது நாற்பத்தொன்பது, தொழிலுக்கு இருபத்திரண்டு. அந்த நீரின் ஆவியை மேலே கொண்டுவந்தால் மின்சாரம் எடுக்கலாம். ஆனால் குத்துமதிப்பாகத் துளை போட முடியாது. ஒரு துளை இரண்டு கிலோமீட்டர் இறங்க வேண்டும். தப்பான இடத்தில் இறங்கினால் மொத்தத் திட்டமும் அதோடு முடிந்தது. அதனால் முதலில் அவளை அனுப்புவார்கள்.

எங்கோ தொலைதூரத்தில் வெட்டும் மின்னல்களும், சூரியனிலிருந்து வந்து மோதும் துகள்களும் மண்ணுக்குள் மிகச் சன்னமான மின்னோட்டங்களை எழுப்பிவிடுகின்றன. அவை எங்கே தாராளமாக ஓடுகின்றன, எங்கே தடைபடுகின்றன என்று ஒரு முழு நாள் கருவி வைத்துப் பதிவு செய்தால் அடியில் இருப்பதை ஓரளவு சொல்லிவிடலாம். சூடான உப்பு நீரும், அந்தச் சூட்டில் பாறை இளகி மாறிய களிமண்ணும் மின்சாரத்தைச் சுலபமாக விடும். குளிர்ந்த கெட்டிப் பாறை விடாது. விஷயம் அவ்வளவுதான். ஆனால் அந்தச் சன்னமான ஓட்டத்தைக் கேட்பதற்குச் சுற்றிலும் வேறு மின்சாரச் சத்தம் இருக்கக் கூடாது. வண்டியைக்கூட அரை கிலோமீட்டர் தள்ளி நிறுத்திவிட்டு நடந்துதான் வருவார்கள்.

மலையடிவாரத்தில் வெந்நீர் ஊற்றுகள் இருந்த அந்தப் பகுதியில் மொத்தம் நாற்பது இடங்கள். முப்பது முடிந்துவிட்டன. இது முப்பத்தொன்று. மேடுகளுக்கு நடுவே தட்டையாக விரிந்த புல்வெளி. வரைபடத்தின் சரியான நடு. இதை விட்டுவிட்டு மற்ற முப்பத்தொன்பதை வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது.

ஓட்டுநரையும் குழி வெட்டுபவரையும் கருவியோடு இருக்கச் சொல்லிவிட்டு அவள் நடந்தாள். இரண்டு கிலோமீட்டர் போனதும் ஒரு கரண்ட் வேலி தென்பட்டது. உள்ளே இடுப்பளவு புல் வளர்ந்து சாய்ந்து கிடந்தது. மாடு ஒன்றும் கண்ணில் படவில்லை. வேலியை ஒட்டியே நடந்தால் ஒரு ஓட்டு வீடு. சமையலறைக் கதவு திறந்திருந்தது. வேலிக்கு விட்டு விட்டுக் கரண்ட் அனுப்பும் சின்னப் பெட்டி உள்சுவரில் மாட்டியிருந்தது, அது டக் என்றது. கொஞ்சம் பொறுத்து மறுபடி டக் என்றது. அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்றேகால் நொடி.

உள்ளிருந்து ஒருவர் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். அறுபது தாண்டியவர், ஒல்லி. அவள் வாயைத் திறப்பதற்குள், "பால் இல்லீங்க. மாடெல்லாம் வித்தாச்சு," என்றார்.

பாலுக்கு வரவில்லை என்று அவள் சொன்னாள். எதற்கு வந்திருக்கிறாள் என்று புரியவைக்கக் கால் மணி நேரம் ஆனது. அவர் பொறுமையாகக் கேட்டார். நடுவில் நாற்காலியை இழுத்துப் போட்டார், டீக்கு அடுப்பு மூட்டினார். அவள் மின்னலைப் பற்றிச் சொன்ன இடத்தில்தான் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது.

"எங்கயோ இடி இடிச்சா அது என் வயலுக்கு வந்து சேந்துருதா? எனக்கு ஒரு கடுதாசி வந்து சேரவே ஒரு மாசம் ஆகுது."

அவளும் சிரித்தாள். அந்த வாரத்தில் அவள் சிரித்தது அப்போதுதான்.

ஒரு நாள், காலையிலிருந்து மறுநாள் காலை வரை, பெட்டியை அணைத்துவைக்க முடியுமா என்று கேட்டாள். அதற்கென்ன, தாராளமாக என்றார். மாடுதான் இல்லையே, வேலி எதற்கு ஓடுகிறது என்று அவள் கேட்டதற்கு, பழக்கம் என்று மட்டும் சொல்லிவிட்டு டம்ளரை எடுத்துக் கழுவப் போனார். அவர் நிலத்தைப் பற்றியும் அவள் ஒரு வார்த்தை சொல்லிவைத்தாள்: இங்கே என்ன கிடைத்தாலும் அவருடைய அனுமதி இல்லாமல் யாரும் ஒரு கடப்பாரைகூட இறக்க மாட்டார்கள். எல்லா நிலக்காரர்களிடமும் அவள் சொல்வதுதான் இது. அவர் தலையாட்டினார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு முள் நின்றது. கோடுகள் நீரோட்டம்போல் நெளிந்து ஓடின. அவள் நிம்மதியாகத் தங்குமிடத்துக்குத் திரும்பினாள். மூடிக் கிடந்த ஒரு மில்லின் விருந்தினர் விடுதியைத்தான் அவர்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். ஆண்கள் இருவருக்கும் ஒரு பெரிய அறை, அவளுக்கு ஒரு சின்ன அறை.

அதற்கு அடுத்த காலை கருவியை எடுத்துப் பதிவைப் பிரித்துப் பார்த்தாள். சாயங்காலம் ஆறு ஐம்பது வரை சுத்தமாக இருந்தது. ஆறு ஐம்பதுக்கு முள் வந்தது, நான்கு நிமிடம் இருந்து நின்றது. ஏழே காலுக்கு வந்தது, ஒரு நிமிடத்தில் நின்றது. எட்டு மணிக்கு வந்தது, இருபது நிமிடம் இருந்தது, மறுபடி நின்றது. ஒன்பதேகாலுக்கு வந்தது. அதற்குப் பிறகு விடியும்வரை நிற்கவே இல்லை.

குழி வெட்டுபவர் திட்டினார். ஓட்டுநர், போய் நாலு கேள்வி கேட்டுவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார். அவள் தடுத்துவிட்டுத் தானே போனாள். கோபமாகத்தான் கிளம்பினாள். ஆனால் நடக்க நடக்க அந்த நான்கு நிமிடமும் ஒரு நிமிடமும் மனதுக்குள் ஓடின. போட்டு, அணைத்து, போட்டு, அணைத்து. சொன்ன சொல்லைக் காப்பாற்ற ஒரு மனிதர் இரண்டரை மணி நேரம் பாடுபட்டிருக்கிறார். அவர் வீட்டுப் படியை மிதிக்கும்போது கோபம் பாதி வழியிலேயே உதிர்ந்து போயிருந்தது.

அவர் முதலில் சாதித்தார். "நான் அணைச்சுத்தான் வச்சிருந்தேன் மேடம்."

அவள் கணினியைத் திறந்து மேஜைமேல் வைத்துக் காட்டினாள். அவர் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இது நானா?"

"நீங்கதான்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். மனைவி தவறி மூன்று வருடம் ஆகிறது என்று சொன்னார். மகள் இருக்கிறாள், தூரத்தில். குழந்தைகளோடு அவளுக்கே மூச்சு விட நேரமில்லை. ஒரு வருடம் மாடுகளைத் தனியாக வைத்துப் பார்த்திருக்கிறார். பால் கறக்க ஆள் கிடைக்கவில்லை, இடுப்பும் ஒத்துழைக்கவில்லை, விற்றுவிட்டார்.

"மாடு போன அன்னிக்கே பெட்டிய அணைச்சிருக்கணும். அணைச்சேன். ஒரு மணி நேரம்கூடத் தாங்கல. வீட்டுல சத்தம்னு சொல்லிக்க அது ஒண்ணுதான் இருக்கு. பகல்ல பரவாயில்ல, வேலை இருக்கும். பொழுது சாஞ்சா என்னால முடியல மேடம்."

அவளுக்கும் ஒரு வழக்கம் உண்டு. எந்த ஊரில் எந்த அறையில் போய் இறங்கினாலும், பெட்டியைக் கீழே வைப்பதற்கு முன் டிவியைப் போட்டுவிடுவாள். சத்தத்தைக் குறைத்து, திரையைப் பார்க்காமல், யாரோ பேசிக்கொண்டிருக்கட்டும் என்று விட்டுவிடுவாள். அதை அவரிடம் சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அப்படிப் பேசி அவளுக்குப் பழக்கமில்லை.

அதற்குப் பதிலாக, "இன்னொரு தடவை வைக்கணும். நாளைக்கு ராத்திரி எங்களோட வந்து தங்கிக்கிறீங்களாண்ணே?" என்று கேட்டாள். அண்ணே என்று கூப்பிட்டது அவளுக்கே தாமதமாகத்தான் உறைத்தது.

மறுநாள் அவர் பெட்டியை அணைத்துவிட்டு, சட்டை மாற்றிக்கொண்டு, ஒரு பையில் துண்டும் ஆறு அவித்த முட்டையும் எடுத்துக்கொண்டு வந்தார். முட்டை எதற்கு என்று ஓட்டுநர் கேட்டார். விருந்தாளியாக வெறுங்கையோடு எப்படி வருவது என்றார். அதற்குள் அவருக்கு வேலிக்காரர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவரும் அதற்கு ஏன் என்று கேட்காமல் திரும்பிப் பார்த்தார்.

சாயங்காலம் ஆண்கள் மூவரும் பெரிய அறையில் சீட்டாட உட்கார்ந்தார்கள். அவள் தன் அறையில் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து சிரிப்பு கேட்டது. ஓட்டுநர் ஏதோ புலம்பினார், அதற்கு வேலிக்காரர் ஒரு பதில் சொன்னார், மறுபடி சிரிப்பு. இரண்டு மாதமாக அந்த அறையில் இவ்வளவு சத்தம் அவள் கேட்டதில்லை. வண்டிச் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்கும் சாக்கில் அவள் எழுந்து போனாள். கதவைத் தள்ளியதும் சீட்டுகள் கவிழ்ந்தன. ஓட்டுநரும் குழி வெட்டுபவரும் எழுந்து நின்றார்கள். அவர்களைப் பார்த்து வேலிக்காரரும் பாதி எழுந்தார். உட்காருங்கள் உட்காருங்கள் என்றாள். உட்கார்ந்தார்கள், ஆனால் அவள் போகட்டும் என்று காத்திருந்தார்கள். சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். அன்று டிவியைப் போடவில்லை. சுவரோரமாகக் கட்டிலை நகர்த்திப் படுத்துக்கொண்டாள்.

ஆறு ஆட்டம், ஆறிலும் அவர்தான் என்று காலையில் ஓட்டுநர் வயிற்றெரிச்சலோடு சொன்னார். பதிவு தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒரு முள்கூட இல்லாமல் இருந்தது.

மீதி ஒன்பது இடங்களையும் முடித்துவிட்டு அவள் நகரத்து அலுவலகத்துக்குத் திரும்பினாள். நாற்பது பதிவுகளையும் சேர்த்துக் கணக்குப் போட மூன்று வாரம் பிடித்தது. இடையில் வேலிக்காரர் இரண்டு முறை போன் செய்தார். என்ன மேடம், ஏதாவது தெரிஞ்சுதா என்பார். இன்னும் இல்லை என்பாள். அப்புறம் புல்லைப் பற்றியும் மழையைப் பற்றியும் கொஞ்சம் பேசுவார். நிலம் கைவிட்டுப் போய்விடுமோ என்று பயப்படுகிறார் என அவள் நினைத்தாள். ஒவ்வொரு முறையும் அதே ஆறுதலைச் சொன்னாள்: உங்கள் அனுமதி இல்லாமல் ஒன்றும் நடக்காது.

படம் தெளிந்து வந்தபோது சந்தேகத்துக்கு இடமே இல்லாமல் இருந்தது. மேட்டுக்கு அந்தப் பக்கம், வேலிக்காரரின் வீட்டிலிருந்து ஏழு கிலோமீட்டர் தள்ளி, களிமண் அடுக்கு கவிழ்த்துவைத்த சட்டிபோல வளைந்து மேலெழுந்திருந்தது. அதன் கீழேதான் சூடு. இந்தப் பக்கம் இருந்ததும் களிமண்தான், ஆனால் அது என்றோ வற்றிப்போன ஏரியின் வண்டல். அதற்குக் கீழே குளிர்ந்த பாறை, எவ்வளவு ஆழம் போனாலும். ஈர்ப்பு விசையை அளந்து முன்பே போட்டிருந்த வரைபடமும் இதற்கு ஒத்துப்போனது. சந்தேகம் தீர, அவர் வேலிக்கு வெளியே, புல்வெளியின் ஓரத்தில் நூறு மீட்டர் ஆழத்துக்கு ஒரு சிறு துளை போட்டு வெப்பமானியை இறக்கிப் பார்த்தார்கள். அடிவரை ஜில்லென்றுதான் இருந்தது.

மேலாளருக்கு இது கசந்தது. தட்டையான புல்வெளி, பக்கத்திலேயே தார் ரோடு. துளையை அங்கே போடத்தான் அவர் மனதுக்குள் முடிவு செய்து வைத்திருந்தார். மேட்டுக்கு அப்பால் என்றால் பாதையே புதிதாக வெட்ட வேண்டும். முப்பத்தொன்றாவது பதிவு இல்லாதிருந்தால் நீங்கள் கேட்டபடி நானே கையெழுத்துப் போட்டிருப்பேன் என்று அவள் சொன்னாள். மறுக்க முடியாமல் அவர் ஒப்புக்கொண்டார்.

நிலக்காரர்களுக்குத் தபாலில் தகவல் போகும். அவருக்கு மட்டும் நேரில் சொல்லிவிடலாம் என்று அவள் கிளம்பினாள். நல்ல சேதிதானே என்று நினைத்துக்கொண்டே போனாள். நிலம் பிழைத்தது, நிம்மதியாக இருப்பார்.

வண்டி வளைவில் திரும்பியதும் அடையாளமே தெரியவில்லை. இடுப்பளவு நின்ற புல் முழுக்க அறுக்கப்பட்டிருந்தது. ரோட்டைப் பார்த்த பக்கம் வேலியில் நான்கு கம்பம் பிடுங்கி அகலமாக வழி விட்டிருந்தார். மாட்டுக்கொட்டகைக்கு வெள்ளையடித்து, உள்ளே கழுவிவிட்டு, ஒரு மூலையில் பழைய கட்டில்கள் மூன்றைப் போட்டு வைத்திருந்தார். அவளைக் கண்டதும் வேகமாக வந்தார்.

"லாரி திரும்ப எடம் வேணும்ல," என்றார். "கொட்டாயில எட்டுப் பேர் படுக்கலாம். அதுக்கு மேல வந்தா வீட்டுலயே ரெண்டு ரூம் சும்மா கெடக்கு. எத்தனை மாசம் இருப்பாங்க?"

இத்தனை நாளும் அவர் போனில் கேட்டது என்னவென்று அப்போதுதான் விளங்கியது. யாரும் வரமாட்டார்கள் என்று அவள் ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தாள். யாராவது வருவார்களா என்று அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இங்க இல்லண்ணே," என்றாள். "மேட்டுக்கு அந்தப் பக்கம்."

"கொஞ்சம்கூட இல்லியா?"

"இல்ல. அடியில ஜில்லுன்னுதான் இருக்கு."

அவர் கொட்டகையைப் பார்த்தார். கையில் இருந்த துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவைத்தார். அது வழுக்கி விழுந்தது. குனிந்து எடுத்து மறுபடி சாய்த்துவைத்தார்.

"நான் வேற மாதிரி நெனைச்சுட்டேன்."

"என் தப்புதான். முன்னாடியே தெளிவா..."

"உங்க தப்பு என்ன இதுல? அடியில இருக்கறதத்தானே நீங்க சொல்ல முடியும்." பிறகு, அவள்தான் ஏதோ இழந்தவள் என்பதுபோல, "வாங்க, டீ போடுறேன். வெயில்ல வந்திருக்கீங்க," என்றார்.

இருபத்திரண்டு வருடத்தில் அவள் யாருக்காகவும் யாரிடமும் சிபாரிசுக்குப் போனதில்லை. போகிறவர்களைக் கண்டால் பிடிக்கவும் செய்யாது. மறுநாள் துளை போடும் ஒப்பந்தக்காரருக்குத் தானே போன் செய்து, வேலிக்காரருக்கு ஒரு வேலை கேட்டாள். வயது அறுபத்தொன்று என்றதும் அவர் இழுத்தார். பாரம் தூக்கும் வேலை வேண்டாம், வேறு ஏதாவது கொடுங்கள் என்றாள். சரி என்று ஒரு வாரம் கழித்துச் சொன்னார்கள். தலைக்கவசம், கையுறை, பூட்ஸ் எல்லாம் எடுத்துக் கொடுத்துத் திரும்ப வாங்கிவைக்கும் வேலை. மேட்டுக்கு அந்தப் பக்கம், தொழிலாளர் முகாமிலேயே தங்க வேண்டும். வேலிக்காரர் ஒரே நாளில் வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார் என்று ஓட்டுநர் சொல்லித்தான் அவளுக்குத் தெரியவந்தது.

அவளுக்கு அங்கே வேலை முடிந்துவிட்டது. அடுத்த மலைக்குப் போவதற்கு முன் பத்து நாள் விடுப்பு. அண்ணன் வீட்டுக்குப் போனாள். அவளுக்கென்று இருந்த அறையில் இப்போது அண்ணன் மகன் படிக்கிறான், பரீட்சை வருடம். அண்ணி ஹாலில் மெத்தை விரித்துக் கொடுத்தாள். எல்லாரும் அன்பாகத்தான் இருந்தார்கள். காலையில் அவர்கள் கிளம்பும் அவசரத்தில் அவள் மெத்தையைச் சுருட்டி எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்பாள். ஆறாம் நாள், அலுவலகத்தில் கூப்பிடுகிறார்கள் என்று சொல்லிப் பெட்டியை எடுத்துக்கொண்டாள். இன்னும் ரெண்டு நாள் இருக்கலாமே என்றாள் அண்ணி. இருக்கலாம்தான் என்று அவளும் சொன்னாள்.

ஐந்து மாதம் கழித்து, மரமே இல்லாத ஒரு சரிவில் கருவியின் காந்தச் சுருளைப் புதைக்கக் குழியின் மட்டம் பார்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. எடுத்ததும் காது அடைக்கும் இரைச்சல். யாரென்றே தெரியவில்லை. பிறகு வேலிக்காரரின் குரல் அதன்மேல் ஏறிக் கத்தியது.

"மேடம், ஆவி வந்துருச்சு. கேக்குதா? காலையிலேருந்து இப்படித்தான் கத்துது. பக்கத்துல நின்னு பேச முடியல. எல்லாரும் வெளிய ஓடி வந்துட்டோம். உங்களுக்குத்தான் மொதல்ல சொல்லணும்னு தோணுச்சு."

கேட்கிறது என்று அவள் சொன்னாள். எவ்வளவு ஆழத்தில் என்று கேட்டாள். அவருக்கு அது தெரியவில்லை. நீங்கள் சொன்ன அதே இடம்தான் என்று எல்லாரும் பேசிக்கொள்கிறார்கள் என்றார். சாப்பாடு எப்படி, இடுப்பு எப்படி இருக்கிறது என்று கேட்க அவள் வாயெடுத்தாள். அதற்குள் பின்னாலிருந்து நாலைந்து குரல்கள் அவரை அண்ணே அண்ணே என்று கூப்பிட்டன. யாரோ ஏதோ சொல்ல, அவர் அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

"போட்டோ எடுக்கறாங்களாம் மேடம். நான் இல்லாம எடுக்க மாட்டேங்கறாங்க. வச்சிடட்டுமா?"

"போங்கண்ணே," என்றாள்.

இரைச்சல் நின்றது. சரிவில் காற்று மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. புதிய ஆட்கள் இருவரும் கீழே வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். கூப்பிடுகிற தூரம் இல்லை. இருபத்திரண்டு வருடத்தில் அவள் கைகாட்டிய இடத்தில் இவ்வளவு பெரிய ஆவி வந்தது இதுதான் முதல் தடவை. யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. அண்ணனுக்குப் போட்டாள். அண்ணி எடுத்தாள், அண்ணன் கூட்டத்தில் இருக்கிறார் என்றாள். அவள் விஷயத்தைச் சொன்னாள். அண்ணி முழுக்கக் கேட்டுவிட்டு, அப்படியா, ரொம்ப சந்தோஷம், சாப்பிட்டியா என்றாள். சாப்பிட்டேன் அண்ணி என்று அவள் சொன்னாள்.

போனை அணைத்துப் பையில் போட்டாள். சுருளுக்குப் பக்கத்தில் எந்த மின்சாரச் சத்தமும் கூடாது, கைக்கடிகாரத்தையும் கழற்றி அதோடு வைத்தாள். சுருள் வடக்கிலிருந்து கொஞ்சம் விலகியிருந்தது. மண்டியிட்டு அதைச் சரிசெய்து, இரண்டு கையாலும் மண்ணைத் தள்ளி மூடினாள்.